நித்திரை முறிச்ச தேத்தண்ணி

வேளாண்மை வெட்டுக் காலத்தில் கல்முனைக்குடி ஆண்களைக் கல்முனையில் தேடுவது வீண் வேலை. கடை வைத்திருப்பவர், வாத்தியார், கந்தோரில் வேலை பார்ப்பவர் எல்லோரும் சம்மாந்துறைப் பக்கத்து வயல் வட்டைகளில்தான் நிற்பார்கள். காணி உள்ளவர் காணியைப் பார்க்க நிற்பார், இல்லாதவர் நிற்கிறவரைப் பார்க்க நிற்பார். மாசி மாத வானத்தை நம்ப முடியாது. விளைந்த கதிர் ஒரு மழைக்குப் படுத்துவிட்டால் வெட்டு மெசினின் பல்லுக்கு எட்டாது, சேற்றில் கிடந்து முளைத்துவிடும். அதனால் மெசின் வைத்திருக்கிற அப்துல் கபூருக்கு அந்த நாட்களில் மாப்பிள்ளை மரியாதை. அவர் வரம்பில் கால் வைத்தால் நாலு பேர் குடையோடு ஓடி வருவார்கள்.

மெசினை ஓட்டுவது அவருடைய ஒரே மகன் இன்பாஸ். வெட்டிய நெல்லை ட்ரக்டரில் ஏற்றிக்கொண்டு போவது பாண்டிருப்புக் கிசோக். ட்ரக்டர்காரனுக்கு நெல் வரும்வரை பெட்டிக்குக் கீழே சாக்கு விரித்துக் கண்ணயர நேரம் கிடைக்கும். மெசின்காரனுக்கு அது கிடையாது. ஒரு வயல் முடிந்தால் அடுத்த வயல்காரர் வரம்பில் வந்து கையைப் பிடித்து இழுப்பார். இங்கே முடிந்ததும் மெசினை லொறியில் ஏற்றிப் பொலன்னறுவைக்குப் போக வேண்டும், அங்கிருந்து அனுராதபுரம்.

"என்ட மகன் வெட்டு முடியுமட்டும் கண்ண மூடுறல்ல" என்று இன்பாஸின் உம்மா மர்ஷூதா சொல்லுவாள். கலியாண வீட்டிலும் சொல்லுவாள், மையத்து வீட்டிலும் சொல்லுவாள். கேட்ட பெண்கள் வீட்டுக்குப் போய், பகல் பன்னிரண்டு மணிவரை போர்த்திக்கொண்டு கிடக்கிற தங்கள் மகன்மாரை வாளித் தண்ணீரோடு எழுப்புவார்கள். மகன் பேரில் அவளுக்கு இருந்தது சின்னப் பெருமை இல்லை. மெசினுக்குப் போகிற சாப்பாட்டையும் பெரிய பிளாஸ்க் நிறையத் தேநீரையும் வேறு யார் கையிலும் விடமாட்டாள். இஞ்சி தட்டிப்போட்டு, சாயம் கெட்டியாக ஊற்றி, அவளே கபூரின் கையில் கொடுத்துவிடுவாள்.

வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இங்கே வீடு பெண்பிள்ளைக்கு. மகள் பிறந்த அன்றே தகப்பன் கல் சேர்க்கத் தொடங்குவார். கலியாணம் முடிந்ததும் வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் பெற்றவர்கள் பின்பக்கத்து அறைக்கு நகர்ந்துவிடுவார்கள். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து வாழ்வார். கபூரின் மகள் சிபானாவுக்கும் அப்படித்தான் நடந்தது. ஆண்பிள்ளையின் அறை நாளைக்கு யாரோ ஒருத்தியின் வீட்டில் இருக்கப் போகிறது, அதுவரை அவன் எங்கே படுத்தால் என்ன? இன்பாஸ் வளவின் மூலையில் மெசின் கொட்டிலுக்குள் ஒரு கேம்ப் கட்டில் போட்டிருந்தான்.

அவனுக்கான அறை மருதமுனையில் தயாராகிக்கொண்டிருந்தது. பெண் றிஸ்னா. அவளுடைய உம்மா ஸம்றா இளவயதில் புருஷனை மவுத்துக்குக் கொடுத்துவிட்டு, பிள்ளையைத் தாயிடம் விட்டு, சவூதியில் யாருடையதோ குசினியில் வருஷக்கணக்காக நின்றவள். அந்தக் குசினியின் சூட்டில்தான் றிஸ்னாவின் வீடு எழும்பியது. பெருநாள் கழிந்து காவின் எழுதிக் கலியாணம் முடிப்பது என்று முடிவாகி, ஊருக்கும் சொல்லியாயிற்று.

வெட்டு முடிந்தது. மெசினைக் கழுவிக் கொட்டிலில் ஏற்றினார்கள். கிசோக் சம்பளத்தை வாங்கிக்கொண்டு போனான். ஆனால் இன்பாஸ் மட்டும் நித்திரை கொள்ளவில்லை.

நட்ட நடு மத்தியானத்தில் மெசினின் ஆணிகளைக் கழற்றி வரிசையாக அடுக்குவான். ஏன் கழற்றினான் என்று அவனுக்கே தெரியாது, திரும்பப் பூட்டவும் மாட்டான். கன்னம் ஒட்டிவிட்டது. சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பினான். மதிலுக்கு அந்தப் பக்கம் யாரோ தன்னைப் பற்றிக் கதைக்கிறார்கள் என்று ஏணி வைத்து எட்டிப் பார்த்தான். மதிலுக்கு அந்தப் பக்கம் வாழைதான் நின்றது. சிபானா பயந்து தன் பிள்ளையை முற்றத்துக்கு விடாமல் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மர்ஷூதா கண்ணூறு கழித்தாள், லெப்பையிடம் தண்ணீர் ஓதி வாங்கிக் குடிக்கக் கொடுத்தாள், தாயத்துக் கட்டினாள். எதற்கும் அசையவில்லை.

அப்படி இருக்கும்போது ஒரு நாள் பின்பக்கத்துப் படலையில் கிசோக் வந்து நின்றான்.

"மாமி, முதலாளி இரிக்காரா?"

"தொழப் பள்ளிக்குப் போயிட்டார் தம்பி. உள்ள வா, தேத்தண்ணி குடிச்சிற்றுப் போ."

"தேத்தண்ணி வேணாம் மாமி." அவன் படலையைத் திறக்காமலே நின்றான். "நான் சொன்னெண்டு முதலாளிட்டச் சொல்லிராதீங்க. மறுகா என்ன வேலைக்கு எடுக்கமாட்டார்."

"என்னத்த?"

"இன்பாஸுக்குப் பேயும் இல்ல, கண்ணூறும் இல்ல மாமி. அவன் ஐஸ் போதை பாவிக்கான். டாக்குத்தரிட்டக் காட்டுங்க. நான் அவன்ட கூட்டாளி, வாயப் பொத்திட்டு இரிக்க ஏலாமத்தான் வந்தன்."

மர்ஷூதாவுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "நீங்க பொடியனுகள் கூடிக் கூடித் திரிஞ்சுதானே இதெல்லாம் பழகின? இப்ப வந்து எனக்குக் கத சொல்றயா?"

கிசோக்குக்குப் பேச வேண்டியது நிறைய இருந்தது என்பது அவன் முகத்தில் தெரிந்தது. "அவனிட்டயே கேளுங்க மாமி" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சைக்கிளைத் திருப்பினான்.

அன்று பகல் புளியாணம் காய்ச்சி, கீரி மீன் பொரித்து, சோற்றுக் கோப்பையோடு கொட்டிலுக்குப் போனாள். இன்பாஸ் மெசினின் நிழலில் நிலத்தில் குந்தியிருந்தான். அவள் பக்கத்தில் இருந்து சோற்றைப் பிசைந்தாள். மீசை முளைத்த மகனுக்கு ஊட்டிவிடுவதை யாராவது பார்த்தால் சிரிப்பார்கள் என்ற நினைப்பே அவளுக்கு வரவில்லை.

"வாயத் திற மனே."

"வேணா உம்மா. இறங்குதில்ல."

"ஒரு வாய் திண்டுட்டுச் சொல்லு. ஐஸா பாவிக்க?"

அவன் அவளைப் பார்க்கவில்லை. பொய் சொல்லுவான் என்று எதிர்பார்த்தாள். அந்தப் பொய்யை நம்புவதற்கும் தயாராகத்தான் வந்திருந்தாள். அவன் "ஓம்" என்றான்.

"யா அல்லாஹ். ஆருடா பழக்கின? அந்தக் கிசோக்கா?"

"கிசோக் பீடி கூடப் பத்துறல்ல உம்மா. அவன்ட பேர எடுக்காதீங்க."

"அப்ப ஆரு?"

"ஏன் கேக்கீங்க? தெரிஞ்சா என்ன செய்யப் போறீங்க?"

"போய் அவன்ட வாசல்ல நிண்டு மண்ணள்ளித் தூத்தப் போறன். சொல்லு!"

இன்பாஸ் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. "அப்ப நம்மட வாசல்லதான் தூத்தணும். முதல் தந்த வாப்பா."

கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றது.

"போன வருசம் வட்டைக்க நான் ஸ்டேரிங்லயே நித்திரையாகி மெசின வாய்க்காலுக்க விட்டனே, ஞாவகம் இரிக்கா? அதுக்குப் பிறகு வாப்பா தேத்தண்ணிக்க ஒரு குளுசயக் கரைச்சித் தருவார். எனக்கு முதல்ல தெரியா. உம்மாட சாயம் கெட்டி, அதான் நித்திர வருதில்லண்டு நினைச்சன். மறுகா நானே கேட்டு வாங்கின. வாப்பா மட்டுமில்ல, மெசின்காரனுகள் எல்லாரும் றைவர்மாருக்குக் குடுக்கிறதான்."

"என்ட தேத்தண்ணிக்கயா?"

"உங்களுக்குத் தெரியாதே உம்மா. அழாதீங்க."

"ஐஸும் வாப்பாவா தந்த?"

"இல்ல. மறுகா குளுச வேல செய்யல்ல. பொலன்னறுவயில வேற ஒரு றைவர் அதத் தந்தான். அதப் பாவிச்சா வயல் முடியுறதே தெரியா. பசியும் தெரியா. வெட்டிட்டே இரிக்கலாம். எல்லாரும் என்னப் புகழுவாங்க. நீங்களும் ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சீங்க, கண்ண மூடுறல்லண்டு. எனக்கு அது நல்லா இருந்த உம்மா. வெட்டு முடிஞ்சா விட்டிரலாம் எண்டுதான் நினைச்சன். விட ஏலா."

அவள் கோப்பையை நிலத்தில் வைத்துவிட்டு அழுதாள். அவன் அவளுடைய முதுகைத் தடவிக் கொடுத்தான்.

அஸர் தொழுதுவிட்டு வந்த கபூர் தொப்பியைக் கூடக் கழற்றவில்லை, மர்ஷூதா பிடித்துக்கொண்டாள். அவர் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் அவளுக்குச் சண்டை பிடிக்கவாவது முடிந்திருக்கும்.

"வாய்க்காலுக்க மெசினோட பிரண்டு மவுத்தாகியிருந்தா நல்லமா? அதுக்குத்தானே குடுத்த. மருந்துண்டுதானே சொன்னானுகள். நித்திர முறிக்கிற மருந்து."

"அவன இறக்கி நித்திர கொள்ள விட்டிரிக்கலாமே?"

"மழ வருது, ஊரே வரம்பில நிக்கிது, நித்திர கொள்ள விடவா? நீ வந்து வெட்டுவியா?" கபூரின் குரல் உயர்ந்து, பிறகு தானாகவே தணிந்தது. "நான் வேணுமெண்டா செஞ்சன்? என்ட புள்ள. கேள், இத வெளிய கதையாத. காவின் எழுதட்டும். மாமியார் வீட்டுக்குப் போனா ஆம்புளைக்கு ஒரு கூச்சம் வரும். நேரத்துக்குச் சாப்புடணும், நேரத்துக்குப் படுக்கணும், நாலு பேருக்கு முன்னால மாப்புள்ளையா நடக்கணும். தானா விட்டிருவான். எத்தன பேர் அப்பிடித் திருந்தினான்."

எங்கள் ஊரில் ஆண்பிள்ளை எந்த வழியில் கெட்டாலும் கடைசி மருந்து கலியாணம்தான். கெட்ட பிள்ளையைக் கழுவித் துடைத்து, சேர்வானி போட்டு, இன்னொருத்தியின் வீட்டுக்குள் விட்டுவிடுவோம். அதற்குப் பிறகு அவன் அங்கே என்ன செய்தாலும் அது அந்த வீட்டுப் பிரச்சினை. இதைப் பாவம் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. மர்ஷூதாவும் அன்று சொல்லவில்லை. மகன் திருந்துவான் என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று ஏங்கிக்கொண்டிருந்தவளுக்குப் புருஷனின் பேச்சு ஆறுதலாகத்தான் இருந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

பெருநாளுக்கு அடுத்த கிழமை ஸம்றா கூப்பிட்டனுப்பினாள். அறை முடிந்துவிட்டது, மாப்பிள்ளையின் உம்மா வந்து பார்க்க வேண்டும் என்றாள். மர்ஷூதா மஸ்கட், தொதல் என்று இனிப்புகள் கட்டிக்கொண்டு தனியாகப் போனாள். புதுப் பெயின்ட் மணம் படலையிலேயே அடித்தது. றிஸ்னா தேநீர்த் தட்டோடு வந்து, வெட்கத்தில் அதை மேசையின் விளிம்பில் வைத்து, விழப்பார்த்ததைப் பிடித்து, சிரித்துக்கொண்டே உள்ளே ஓடினாள். கள்ளமில்லாத பிள்ளை.

ஸம்றா அறைக் கதவைத் திறந்தாள். சவூதியில் எரிகாயம் பட்ட அவளுடைய முழங்கை சுருங்கிப் பளபளத்தது.

"இந்தாப் பாருங்க மச்சி. ஜன்னலுக்குக் கறுத்த சீலைதான் போட்டிரிக்கன், வெளிச்சம் உள்ளுக்கு வராது. ஏசியும் பூட்டின. றிஸ்னாக்கு ஏசி பழக்கமில்ல, மாப்புள்ளைக்காகத்தான். வெட்டுக்குப் போனா கண்ண மூடாத புள்ளயாமே, நீங்க சொன்னண்டு எல்லாரும் சொல்றாங்க. வீட்டுக்கு வந்தா நல்லா நித்திர கொள்ளட்டும் எண்டு."

மர்ஷூதா புதுக் கட்டிலின் ஓரத்தில் இருந்துவிட்டாள்.

"என்ன மச்சி? தலையச் சுத்துதா?"

"கதவச் சாத்துங்க" என்றாள் மர்ஷூதா. பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். தேநீரையும் சொன்னாள், புருஷன் சொன்னதையும் சொன்னாள். சொல்லும்போது ஸம்றாவின் முகத்தைப் பார்க்காமல், சுவரில் காயாமல் இருந்த பெயின்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸம்றா கத்துவாள், அறைவாள் என்று மர்ஷூதா நினைத்தாள். அவள் கேட்டது வேறு.

"கலியாணத்த நிப்பாட்டணும். ஊருக்கு என்ன சொல்ற?"

"என்னவாவது சொல்லுவம்."

"என்னவாவது சொல்ல ஏலா மச்சி. நாள் குறிச்ச கலியாணம் நிண்டா நம்மட ஆக்கள் முதல்ல பொண்ணிலதான் பிழ தேடுவாங்க. என்ட புள்ள ஆரோடயோ போன்ல கதைச்சாளாம், ஆரோ கண்டாங்களாம் எண்டு நாளைக்கே வரும். உம்மா இல்லாம வளந்த புள்ளதானே எண்டும் சொல்லுவாங்க. நான் இவள விட்டுட்டு அங்க போய்க் கிடந்ததுக்கு இது போதும் அவங்களுக்கு." ஸம்றா கட்டிலில் மர்ஷூதாவுக்குப் பக்கத்தில் வந்து இருந்தாள். "நீங்க சொன்ன பெரிய காரியம், அல்லா உங்களுக்குக் கூலி தருவான். ஆனா எனக்கு மட்டும் சொன்னாப் போதா. ஊருக்கும் சொல்லணும்."

"சொல்லுறன்" என்றாள் மர்ஷூதா. "என்ட வாயாலயே சொல்லுறன்."

அவள் சொல்லவில்லை. அன்று பஸ்ஸில் வரும்போது சொல்ல நினைத்தாள், இறங்கும்போது ஒத்திவைத்தாள். கலியாணம் நின்றுவிட்டது என்று கேட்டதும் கபூர் அவளோடு கதைப்பதை நிறுத்தினார். வெளியில் கேட்டவர்களிடம் "பொண் வீட்டுப் பக்கம் ஏதோ சிக்கலாம்" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. ஊர் மீதியை எழுதிக்கொண்டது. மீன் சந்தையில், பள்ளிக்கூட வாசலில், றிஸ்னாவின் பெயர் அடிபடத் தொடங்கியது. மர்ஷூதாவின் காதிலும் விழுந்தது. ஒவ்வொரு முறையும் வாயைத் திறந்து, மகனின் பெயர் நாளைக்கு இதே வாய்களில் என்ன பாடு படும் என்று நினைத்து மூடிக்கொண்டாள். அவளை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் மருதமுனையில் ஒரு பிள்ளை வெளியே இறங்காமல் கிடந்தது.

சிபானா ஒரு நாள் அழுதுகொண்டே வந்து சொன்னாள். "உம்மா, எனக்கு அவன விட்டா வேற தம்பி இல்ல. ஆனா புள்ளய வெச்சிட்டு இந்த வளவுக்க அவனோட இரிக்க எனக்குப் பயம். எங்கயாவது கொண்டு போய்க் காட்டுங்க."

வீடு அவளுடையது. அவள் சொன்னதில் தவறும் இல்லை. மகனைப் பெண் வீட்டுக்கும் அனுப்ப முடியாது, வைத்திருக்கச் சொந்த வீடும் இல்லை என்பது அப்போதுதான் மர்ஷூதாவுக்கு உறைத்தது. கொட்டிலுக்குப் போய் இன்பாஸைக் கேட்டாள். மறுப்பான் என்று நினைத்தாள். அவன் கட்டிலில் கண்ணைத் திறந்தபடி கிடந்தான்.

"ஆஸ்பத்திரிக்குப் போவமா மனே?"

"நித்திர வரப் பண்ணுவாங்களா உம்மா?"

"பண்ணுவாங்க."

"அப்ப வாறன்."

மட்டக்களப்புப் பஸ்ஸில் நல்ல சனம். மர்ஷூதா மகனை ஜன்னல் பக்கம் இருத்தி, அவனுடைய சாரமும் சேட்டும் வைத்த உடுப்புப் பையை மடியில் வைத்துக்கொண்டாள். வெயிலில் அவன் குளிரில் நிற்பவன் போல் நடுங்கினான். பஸ் பாண்டிருப்பைத் தாண்டியபோது, கம்பியைப் பிடித்து நின்ற நயீமா குனிந்து பார்த்தாள். மர்ஷூதாவின் தெருக்காரி. ஊர்க் கதை முழுவதும் அவளிடம் சூடாக இருக்கும்.

"ஆ, மர்ஷூதா ராத்தாவா! மகனோட எங்க பயணம்?"

"மட்டக்களப்புக்கு."

நயீமா குரலைத் தணிப்பதாக நினைத்துக்கொண்டு சொன்னாள். முன் சீட்டில் இருந்தவர்களும் திரும்பினார்கள். "ராத்தா, நல்ல காலம் தப்பினீங்க. அந்த மருதமுனப் புள்ள சரியில்லயாமே? ஏற்கனவே ஆரோடயோ தொடர்பாம். உம்மா வெளிநாட்டில கிடந்தா புள்ள அப்பிடித்தானே. தங்கமான பொடியன், அல்லா காப்பாத்தினான்."

பஸ் பெரிய நீலாவணையை நெருங்கிக்கொண்டிருந்தது. மர்ஷூதாவின் கை பையின் பிடியை முறுக்கியது. பக்கத்தில் மகன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் கேட்கும்படியாக இதை எப்படிச் சொல்வது? இன்றைக்கும் சொல்லாவிட்டால் இனி என்றைக்கும் சொல்லமாட்டாள் என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

"அந்தப் புள்ளயில ஒரு பிழையும் இல்ல நயீமா" என்றாள். "கலியாணத்த நிப்பாட்டின நான்தான். என்ட மகனுக்கு ஐஸ் பழக்கம். ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிற்றுப் போறன்."

நயீமா சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "என்ன ராத்தா கதைக்கீங்க? மகன் பக்கத்தில இரிக்கக்குள்ள..."

ஜன்னல் பக்கத்திலிருந்து இன்பாஸ் முகத்தைத் திருப்பினான். உதடு வெடித்திருந்தது. "உம்மா சொல்றது உண்மதான் மாமி. அந்தப் புள்ள நல்ல புள்ள. ஊருக்குப் போனா எல்லாரிட்டயும் சொல்லுங்க."

நயீமாவின் கண் கலங்கிவிட்டது. கெட்டவள் இல்லை அவள், கதை கேட்டுப் பழகியவள். குனிந்து மர்ஷூதாவின் தோளைப் பிடித்தாள்.

"என்ட ராத்தா... இப்பிடித் தங்கமான புள்ளய ஆரு இதுக்குப் பழக்கின? எந்த ஊரான்? பேரச் சொல்லுங்க, பொலிசில குடுப்பம்."

முன் சீட்டுக்காரர்களும் அந்தப் பெயருக்காகக் காத்திருந்தார்கள். மர்ஷூதா மகனின் நடுங்குகிற கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

"வெளியால ஆரும் இல்ல" என்றாள். "நாங்கதான்."